இடைவேளையில் வெளியே வந்தவன்

வேலைநிறுத்தம் தொடங்கி ஊரில் ஒரு தறிகூட ஓடாமல், பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே வளர்ந்த நாய்கள் தூக்கம் பிடிக்காமல் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்த ஆடி மாதத்தில், எலவம்புதூர் மங்களவிலாஸ் தியேட்டரின் ஆபரேட்டர் குழந்தைவேலு ஒரு ஜப்பான் கார்ட்டூன் படத்துக்கு இடைவேளையைத் தப்பான இடத்தில் விட்டான். அந்த வழியாக அந்தப் படத்தின் கதாநாயகன் வெளியே வந்துவிட்டான்.

ஜப்பான்காரர்கள் தங்கள் படத்துக்கு இடைவேளை வைப்பதில்லை. இரண்டு மணிநேரம் ஒரே மூச்சாக உட்கார அவர்களால் முடியும்போல. எலவம்புதூரில் முடியாது. இங்கே தியேட்டர் நடப்பது கேன்டீனால், கேன்டீன் நடப்பது இடைவேளையால். ஆகவே இடைவேளை இல்லாத படத்தை எங்கே வெட்டுவது என்று ஆபரேட்டர்தான் முடிவு செய்வான். குழந்தைவேலுவுக்கு அதில் ஒரு விதி இருந்தது: கதாநாயகன் எங்கே கீழே விழுகிறானோ அங்கே வெட்டு. விழுந்தவன் எழுவானா என்று தெரியாதவன்தான் போண்டாவைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்காருவான். உள்ளூர்ப் படங்களில் இந்த விதி ஒருநாளும் தப்பியதில்லை. ஆனால் இந்தப் படத்தின் கதை வேறு மாதிரி. பெரிய நகரத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிற இசாமு என்கிற இளைஞன், வேலை செய்து செய்தே ஒருநாள் மேஜைமேல் கவிழ்ந்து செத்துப்போகிறான்; அடுத்த காட்சியில் வேறோர் உலகத்தில், ஒரு கோட்டைவாசலுக்கு முன்னால், அவன் வருவான் வருவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிற சனத்தின் நடுவில் கண்விழிக்கிறான். குழந்தைவேலு அந்தச் சாவுக்கும் அந்த விழிப்புக்கும் நடுவில் வெட்டினான். ஓர் உலகத்தை விட்டுக் கிளம்பி இன்னோர் உலகத்துக்குப் போய்ச் சேராத ஒருவன், எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதன் வழியாகத்தானே வருவான். திறந்திருந்தது மங்களவிலாஸின் பக்கவாட்டுக் கதவு.

ஒண்ணுக்கிருக்கப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக அவன் வெளியே வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தளர்ந்த டை, நீலம் பாய்ந்த கருப்புத் தலைமுடி, முகத்தில் பாதியை எடுத்துக்கொண்ட கண்கள். உடம்பைச் சுற்றி மெல்லிய கருப்புக் கோடு ஒன்று ஓடியது. வெயிலில் நின்றபோது அவன் நிழல் பட்ட இடமெல்லாம் ஒரே சாயத்தில் தோய்த்ததுபோல் திட்டாக இருந்தது. கேன்டீன் வாசலில் நின்று அவன் வானத்தைப் பார்த்தான், மின்கம்பத்தைப் பார்த்தான், தண்ணீர் லாரியைப் பார்த்தான், லாரிக்குக் கீழே படுத்திருந்த வெள்ளாட்டைப் பார்த்தான், பார்த்த ஒவ்வொன்றுக்கும் இடுப்பை வளைத்து வணங்கினான்.

"ஐயா, இதுதான் மறு உலகமா?" என்று கேன்டீன்காரர் ரங்கநாயகத்திடம் கேட்டான். தமிழில் குரல் கொடுத்த படம், ஆகவே தமிழ்தான். ஆனால் உதடு முன்னாலேயே ஓய்ந்துவிட, குரல் மட்டும் கொஞ்ச தூரம் தனியாக வந்து சேர்ந்தது.

"ஆமாங் தம்பி," என்றார் ரங்கநாயகம். அவருக்கு முன்னால் இருபது கைகள் நீண்டிருந்தன. "பப்ஸா, போண்டாவா?"

தியேட்டருக்கு எதிரில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேலைநிறுத்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த பாவாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்து, வேலை இல்லாத ஊருக்கு வேலை தேடி வெளியூர்க்காரன் ஒருவன் வந்துவிட்டான் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள். அந்த அளவில் அவள் எண்ணியது சரி.

பாவாயியை ஊர் தோழரக்கா என்று கூப்பிட்டது. பத்து வயதில், தறி நாடாவுக்குள் வைக்கும் நூல்கட்டையான தார் சுற்ற உட்கார்ந்தவள், பதினாறில் தறி ஓட்டியவள், அதற்குப் பிறகு தறியை நிறுத்துவதே தன் தொழில் என்று ஆக்கிக்கொண்டவள். பள்ளிக்கூடத்தில் அவள் படித்தது மூன்றாம் வகுப்பு. மீதிப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரம். சிவப்பு மையில், மட்டமான தாளில், ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கம் தெரிகிற துண்டுப்பிரசுரம். அதைப் படித்துத்தான் பூமி சுற்றுவதையும் முதலாளி கொழுப்பதையும் தெரிந்துகொண்டாள். கூட நின்றவர்களில் ஒருவன் கவுன்சிலர் ஆனான், ஒருவன் நூல் ஏஜென்ட் ஆனான், ஒருவன் ஐயப்ப பக்தன் ஆனான். அவள் மட்டும் பந்தலிலேயே கிழவியாகிக்கொண்டிருந்தாள், அதில் அவளுக்குக் கசப்பும் இருந்தது, கர்வமும் இருந்தது, எது எவ்வளவு என்று அவளே பிரித்துப் பார்த்ததில்லை.

இந்த முறை கேட்டது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் நின்ற தறி திங்கட்கிழமை காலையில்தான் ஓட வேண்டும். ஞாயிறு என்று ஒரு நாள் உலகத்தில் எல்லோருக்கும் இருக்கிறது, எலவம்புதூர்த் தறிக்காரனுக்கு மட்டும் இல்லை. தறிகளுக்குச் சொந்தக்காரர்களான பட்டறைக்காரர்கள் சங்கத்தின் தலைவர் பொன்னுரங்கம் இதைக் கேட்டுச் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை என்னத்த பண்ணுவாங்க இவுங்க? குடிப்பாங்க," என்றார். அவர் சொன்னதில் பாவாயிக்குக் கோபம் வந்தது. அது கொஞ்சம் உண்மையாகவும் இருந்ததில் இன்னும் கோபம் வந்தது.

அன்றைக்கு இடைவேளை முடிந்து கூட்டம் உள்ளே போனது. அவன் போகவில்லை. அவன் போண்டாவை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணீர் விட்டபடி தின்றுகொண்டிருந்தான். உள்ளே படம் ஓடியது. கோட்டைவாசல் வந்தது. வாசலுக்கு முன்னால் சனம் நின்றது. விளக்கு ஏந்திய ஒரு பெண் முன்னால் நின்றாள். எல்லோரும் வெறுந்தரையைப் பார்த்தபடி நின்றார்கள், ஏனென்றால் அங்கே கிடந்து கண்விழிக்க வேண்டியவன் கேன்டீனில் இருந்தான். காற்று அடித்தது, கொடிகள் அசைந்தன, மேகம் போனது. ஒரு மணிநேரம் இதுவே. பிறகு பெயர்கள் ஓடி, விளக்கு போட்டார்கள்.

ஊர்க்காரர்கள் ஆபரேட்டரை அடிக்கவில்லை, நாற்காலியைக் கிழிக்கவில்லை. எழுந்து போகாமல் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இரண்டு மடங்கு கூட்டம் வந்தது. அதற்கு மறுநாள் பள்ளிபாளையத்திலிருந்தும் பவானியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் பாதியில் ஒருவன் செத்தான், இரண்டாம் பாதியில் யாரும் வரவில்லை, இதைப் பார்க்க டிக்கெட் கிடைக்காமல் சுவர் ஏறினார்கள். சிலர் திரையைப் பார்த்து ஆறுதல் சொன்னார்கள். "கண்ணு, அந்தப் பையன் இங்கதான் இருக்கறான், பத்தரமா இருக்கறான், நீ கைய எறக்கி வையி, விளக்கு கனக்கப்போவுது," என்று ஒரு பூக்காரம்மா முதல் வரிசையிலிருந்து சொன்னதைக் கேட்டு, விளக்கேந்திய பெண் ஒரு கையிலிருந்து மறுகைக்கு விளக்கை மாற்றிக்கொண்டாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பந்தல் காலியாயிற்று. காலையில் கோஷம் போட வந்தவர்கள் பகல் காட்சிக்கு மணி அடித்ததும் ஒவ்வொருவராக வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். தார் சுற்றும் மேகலா மட்டும் மிச்சம் இருந்தாள், அவளும் தியேட்டர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள," என்றாள் பாவாயி, "அந்தப் படத்துல அப்படி என்னதான் இருக்குது?"

"அது மொதல்ல கதைப் புஸ்தகமா வந்ததுங்க்கா. சின்னச் சின்னதா, நடுவுல படம் போட்டு. யாரோ தமிழ்ல எழுதிப் போட்டாங்க, போன்லயே படிச்சேன். தார் சுத்தறப்ப ஒரு கண்ணு அதுல, ஒரு கண்ணு இதுல."

"கதை என்ன?"

"செத்துப்போனா வேற உலகத்துல கண்ணு முழிப்பாங்க. அதாங் கதை."

"இதைத்தான ஆயிரம் வருஷமா கோயில்ல சொல்றான். இதுக்கு ஜப்பான்காரன் வேற வேணுமா?"

"கோயில்ல சொல்றது வேறைங்க்கா." மேகலா யோசித்தாள். "அங்க போனா நம்ம கணக்கப் பாப்பாங்க, நல்லது பண்ணினியா கெட்டது பண்ணினியான்னு. இதுல ஒண்ணும் பாக்க மாட்டாங்க. அங்க யாருக்கும் நம்மளத் தெரியாது. நீ எந்தத் தெரு, எவன் மகன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. வந்துட்டியா, வா, உன்னையத்தான் பாத்துட்டு இருந்தோம்னு சொல்லுவாங்க. நம்மள எங்கயாச்சும் யாராச்சும் அப்படிச் சொல்லியிருக்காங்களா?"

பாவாயி வாயைத் திறந்தாள். சங்கம் சொல்லியிருக்கிறது என்று சொல்ல வந்தாள். சங்கத்தில் உறுப்பினர் சேர்க்கும்போது எந்தத் தெரு என்று கேட்கத்தான் செய்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

அந்தச் சாயங்காலம், செத்த ஊர்போல் கிடந்த எலவம்புதூரில் ஒரு பட்டறை மட்டும் ஓடும் சத்தம் கேட்டது. நாய்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்ப் படுத்துத் தூங்கின. பொன்னுரங்கம் பட்டறை. கேன்டீன் வாசலில் எதையும் எவரையும் வணங்கிக்கொண்டு நின்ற இசாமுவை அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பன்னிரண்டு தறிகளுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார். எட்டுத் தறியே ஓர் ஆளுக்கு அதிகம். ஆனால் இசாமு அவற்றைத் தறிகள் என்று நினைக்கவில்லை. பன்னிரண்டு இரும்பு விலங்குகள் என்றும், அவை பசியில் கத்துகின்றன என்றும், நூல் ஊட்டினால் பால்போல் துணி கறக்கின்றன என்றும் நினைத்தான். பொன்னுரங்கத்தை அந்த நாட்டுக் குறுநில மன்னர் என்று நினைத்து முழங்காலிட்டான். இரவும் பகலும் ஓட்டினான். ஞாயிறும் ஓட்டினான். ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள், அவன் தார் மாற்றும்போது சிரித்துக்கொண்டே மாற்றுகிறான் என்றார்கள்.

பொன்னுரங்கம் பந்தலுக்கே வந்து சொன்னார்: "தோழரக்கா, உங்குளுக்கு ஞாயித்துக்கிழமை வேணும். அந்தத் தம்பிக்கு அப்படி ஒரு கெழமை இருக்கறதே தெரியல. நானென்ன பண்ணட்டும், சொல்லுங்."

"நாற்காலி போடு புள்ள, ஐயா நிக்கறாரு," என்றாள் பாவாயி. அவர் போன பிறகு, மற்ற பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள் என்று செய்தி வந்தது. ஒருத்தனே பன்னிரண்டு ஓட்டும்போது நீ எட்டுக்கு அழுகிறாய் என்று பேசுகிறார்களாம். அடுத்த திங்கட்கிழமை பாதிப் பேர் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் மீதிப் பேர். அப்புறம் அவள் மட்டும் பந்தலைப் பிரித்து, மூங்கில்காரனுக்கு மூங்கிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்கு முன்னாலும் கொடுத்திருக்கிறாள்.

எதிரி யாரென்று தெரியாமல் சண்டை போடக்கூடாது என்று ஒரு பிரசுரத்தில் படித்திருந்தாள். அதனால் படத்துக்குப் போனாள். கடைசியாக எப்போது தியேட்டருக்குள் போனாள் என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை.

முதல் பாதி அவளைத் தூக்கி அடித்தது. கார்ட்டூன் என்றால் எலி பூனை என்று நினைத்திருந்தாள். திரையில் ஓர் ஆள் விடியும் முன் எழுந்தான், ரயிலில் நின்றபடி தூங்கினான், வேலை செய்தான், மேலதிகாரியிடம் இடுப்பை வளைத்தான், வேலை செய்தான், எல்லோரும் போன பிறகும் வேலை செய்தான், ஒரு டப்பாவிலிருந்து குளிர்ந்த சோற்றைத் தின்றான், வேலை செய்தான். அவன் அம்மா போனில் கூப்பிட்டாள், எடுக்கவில்லை, வேலை செய்தான். அவன் மேஜைமேல் கவிழ்ந்ததை யாரும் கவனிக்கவில்லை, தூங்குகிறான் என்று எழுப்பாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள். நாற்பது வருஷமாக அவள் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு ஜப்பான்காரன் மைக் இல்லாமல் சொல்லிவிட்டான். இதைப் போய் நாம் எதிரி என்றோமே என்று நினைத்தாள். அப்போது குழந்தைவேலு இடைவேளை விட்டான்.

இரண்டாம் பாதியில் மறுபடி குழம்பினாள். கோட்டைவாசல், காற்று, கொடி, காத்திருக்கும் சனம். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. காத்திருப்பதைப் போய்க் காசு கொடுத்துப் பார்ப்பார்களா. ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்று கண்ணில் பட்டது. விளக்கேந்திய பெண்ணுக்கு முகம் இருந்தது, கண் இருந்தது, கண்ணில் ஒளிப்புள்ளி இருந்தது. பின்னால் நிற்கிற அத்தனை சனத்துக்கும் முகமே இல்லை. தோல் நிறத்தில் ஒரு வட்டம், அவ்வளவுதான். வரைகிறவனுக்கு நேரம் இல்லைபோல. அவனும் எங்கோ ஒரு மேஜையில் விடிய விடிய உட்கார்ந்திருப்பான். முகமில்லாத அந்தக் கூட்டத்தில், ஓரமாக, தலையில் துணி போட்ட ஒருத்தி நின்றாள். அவள் கைக்கு எட்டும் தூரத்தில், கோட்டைக்கதவின் ஓரத்தில், ஒரு கைப்பிடி இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கண் இல்லை. பாவாயி அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். ஒருவேளை ஊர்க்காரர்கள் எல்லோரும் இப்படி ஆளுக்கொரு முகமில்லாதவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று அவளுக்குத் தோன்றியது. கதாநாயகன் இருந்திருந்தால் அவர்களை யார் பார்த்திருப்பார்கள்.

மறுநாள் மத்தியானம் பொன்னுரங்கம் பட்டறைக்குப் போனாள். வாட்ச்மேன் அவளைத் தடுக்க எழுந்து, பிறகு எழுந்ததே மரியாதைக்கு என்பதுபோல் கும்பிட்டான். உள்ளே பன்னிரண்டு தறிகளின் சத்தம். இசாமு ஓடிக்கொண்டிருந்தான். இப்போது சிரிப்பு இல்லை. கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு விழுந்திருந்தது. நேற்றுப் படத்தில், மேஜைமேல் கவிழ்வதற்குக் கொஞ்சம் முன்னால், அதே இடத்தில் அதே இரண்டு கோடு விழுந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"தம்பி, நிறுத்து," என்று அவன் காதருகில் கத்தினாள்.

அவன் வணங்கினான். "மன்னியுங்கள், அம்மையே. இவற்றை நிறுத்த இயலாது. இவை நிற்பதில்லை."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லவில்லை. என் முந்தைய உலகத்திலும் எதுவும் நின்றதில்லை."

பாவாயி அவனுக்குப் பக்கத்தில் இருந்த தறியின் ஓரத்துக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். குறுக்கே ஓடிய நாடா பாதி வழியில் நின்றது. தறி நின்றது. இசாமு தன் பெரிய கண்களால் தறியைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான், மறுபடி தறியைப் பார்த்தான். அவன் உதடுகள் அசைந்தன. குரல் வர வெகுநேரம் ஆயிற்று.

"இந்த மந்திரத்தை யார் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது?"

"மந்திரம் ஒண்ணுமில்ல. கைப்பிடி. எல்லாத்துலயும் இருக்குது. போய் இழுத்துப் பாரு."

அவன் போனான். இரண்டாவதை இழுத்தான். நின்றது. மூன்றாவதை இழுத்தான். ஒவ்வொன்றாக, ஒவ்வொன்று நிற்கும்போதும் திரும்பி அவளைப் பார்த்தபடி, பன்னிரண்டையும் நிறுத்தினான். பட்டறைக்குள் அமைதி வந்ததும் அவன் அழவில்லை, வணங்கவில்லை. அவள் கைத்தாங்கலாகப் பந்தல்வரை கூட்டிக்கொண்டு வந்தாள். பந்தலின் ஜமுக்காளத்தில் ஒருக்களித்துப் படுத்தான், தூங்கிப்போனான்.

அப்படி ஒரு தூக்கத்தை எலவம்புதூர் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை படுத்தவன் புதனும் தூங்கினான். பந்தலுக்குக் கூட்டம் வந்தது. கோஷம் போட வராதவர்கள், உண்டியலில் போடாதவர்கள், சங்கத்தை ஏசியவர்கள், எல்லோரும் வந்து அவன் தூங்குவதைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். பேச்சைக் குறைத்தார்கள். குழந்தை அழுதால் எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். தூங்கும் மனிதனைப் பார்ப்பது இவ்வளவு சுகமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார்கள். தன் போராட்டத்துக்குக் கூட்டம் வந்துவிட்டதா, இல்லை வேறு எதற்கோ வந்த கூட்டத்தில் தன் பந்தல் மாட்டிக்கொண்டதா என்று பாவாயிக்கு விளங்கவில்லை. மைக்கைக் கையில் எடுத்தாள். அவன் விழித்துவிடுவான் என்று கீழே வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் குழந்தைவேலு வந்தான். தியேட்டரில் வெள்ளிக்கிழமை வேறு படம். இன்றைக்குச் சாயங்காலக் காட்சியோடு இந்தப் படம் பெட்டி கட்டி அடுத்த ஊருக்குப் போகிறது.

"இவன் உள்ள போகலீன்னா, அங்க நிக்கற சனம் அப்படியே நின்னுட்டே ஊர் ஊரா போகோணும். நாந்தானுங் தப்பா வெட்டிப்போட்டேன். இன்னைக்கி இடைவேளையில இவனை எழுப்பிக் கூட்டியாந்து கதவுக்குள்ள விட்டுட்டா எல்லாம் சரியாயிரும்."

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பூக்காரம்மா சொன்னாள்: "அந்தப் புள்ள எத்தன நாளா விளக்கப் புடிச்சுட்டு நிக்குது. பாவமுங் தோழரக்கா."

பொன்னுரங்கமும் வந்திருந்தார். அவர்தான் எல்லோரையும்விட மெதுவாகப் பேசினார். "அந்தத் தம்பிக்குன்னு ஒரு கடமை இருக்குதல்லங். உங்க சங்கமே, நாலு பேரு நல்லதுக்கு ஒருத்தன் சிரமப்படோணும்னுதான சொல்லுது?"

அவர் சொன்னது எல்லாப் பிரசுரங்களிலும் இருந்தது, அவள் வாயால் சொன்னதுதான். அவள் மேகலாவைப் பார்த்தாள்.

"புள்ள, நீ புஸ்தகம் பூராவும் படிச்சிருக்கற. அங்க போய் இவன் என்ன பண்ணுவான்?"

"கதவத் தொறப்பானுங்க்கா. அப்பறம் அரக்கனோட சண்டை. அப்பறம் வேறொரு நாட்டுல சண்டை. இருபது பாகத்துக்கு மேல இருக்குது."

"எந்தப் பாகத்துலயாச்சும் தூங்கறானா?"

மேகலா கண்ணை மூடி ஒவ்வொரு பாகமாக நினைத்துப் பார்த்தாள். "இல்லீங்க்கா," என்றாள். "ஒருக்காக் காயம்பட்டு மயக்கமாக் கெடப்பான். தூங்கல."

"அப்ப எழுப்பக் கூடாது," என்றாள் பாவாயி.

"அந்தச் சனம்?" என்றான் குழந்தைவேலு.

"எனக்குத் தெரியல." இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து ஊர் கேட்டதே இல்லை, அவளுக்கே அது யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்ததுபோல் இருந்தது. "அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஆனா நாம ஒரு நாள் ஓய்வு கேட்டு உக்காந்திருக்கறோம். ஊருக்குள்ள மொதமொதல்ல ஓய்வு கெடைச்சவன் இவன் ஒருத்தன். இவனையே நாம தட்டி எழுப்பி வேலைக்கு அனுப்பிட்டு, அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஐயாகிட்டப் போய்க் கேக்கறது?"

பொன்னுரங்கம் செருப்பைத் தேடினார். மற்றவர்கள் அவளை ஒப்புக்கொள்ளவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. கோபமாக இருந்தார்கள். ஆனால் யாரும் அவனைத் தொடவில்லை.

சாயங்காலக் காட்சிக்கு ஊரே உள்ளே இருந்தது. பட்டறைக்காரர்கள் பால்கனியில் இருந்தார்கள். பந்தலில் அவனும் அவனைச் சுற்றிப் படுத்த நாய்களும் மட்டும். இசாமு செத்தான், இடைவேளை விட்டார்கள், அன்றைக்கு யாரும் கேன்டீனுக்குப் போகவில்லை. ரங்கநாயகமே உள்ளே வந்து நின்றார். விளக்கை அணைத்தார்கள். கோட்டைவாசல், காற்று, கொடி, சனம். அந்தச் சனம் இந்தச் சனத்தைப் பார்க்க, இந்தச் சனம் அந்தச் சனத்தைப் பார்க்க, இரண்டுக்கும் நடுவில் வெறுந்தரை.

பாவாயி எழுந்து நின்றாள். வாழ்க்கை முழுவதும் வாசல்களுக்கு வெளியே நின்று கத்தியவள், அன்றைக்குக் கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"அம்மணி, தலையில துணி போட்டவளே, உன்னையத்தான். அவன் வரமாட்டான். தூங்கறான். உனக்கு வலது கைப்பக்கம் ஒரு கைப்பிடி இருக்குது பாரு. இழு."

துணி போட்டவள் அசையவில்லை. காற்று அடித்தது. பின்வரிசையில் யாரோ, "அவளுக்குக் கண்ணே இல்லீங்க்கா, எப்படிப் பாப்பா?" என்றார்கள்.

"தடவிப் பாரு அம்மணி," என்றாள் பூக்காரம்மா.

"இன்னுங் கொஞ்சம் மேல," என்றான் குழந்தைவேலு, ஆபரேட்டர் ரூமின் ஓட்டை வழியாக.

முகமில்லாதவள் கையைத் தூக்கினாள். தடவினாள். கை கைப்பிடியில் பட்டது. இழுத்தாள். கதவு திறந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் கோட்டை இல்லை. ஒரு ரோடு இருந்தது. ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி, லாரிக்குக் கீழே ஒரு வெள்ளாடு, எதிரில் சிவப்புக்கொடி கட்டிய ஒரு பந்தல், பந்தலுக்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தச் சனம் அரவம் இல்லாமல், ஒருவர் பின் ஒருவராக, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கதவு வழியாகப் போனது. விளக்கேந்திய பெண் கடைசியாகப் போனாள். போகும்போது விளக்கை ஊதி அணைத்துக் கீழே வைத்தாள். பெயர்கள் ஓடின.

ஊர் வெளியே வந்து பார்த்தபோது பந்தலில் இடம் இல்லை. பந்தலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, நூல்கடைவரை உட்கார்ந்திருந்தார்கள். மேகலா டீ வாங்கி வந்தாள். குடிக்க வாய் வேண்டுமே என்று கவலைப்பட்டாள். கிளாஸை நீட்டியபோது வாய் இருந்தது. மறுபடி பார்த்தபோது மூக்கும் இருந்தது. "எந்தப் பட்டறைங்க நீங்க?" என்று பாவாயி ஒருத்தியிடம் கேட்டாள். அவள் புதிதாக வந்த கண்ணால் பாவாயியைப் பார்த்து, பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டாள்.

பொன்னுரங்கம் பால்கனிப் படியிலிருந்து இத்தனை தலைகளையும் பார்த்தார். எல்லோரும் தறிக்காரர்கள்தான் என்று நினைத்தாரோ, இல்லை என்று தெரிந்தேதான் பயந்தாரோ. வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறைக்காரர்கள் சங்கம் ஒப்புக்கொண்டது: சனிக்கிழமை சாயங்காலம் நின்ற தறி திங்கட்கிழமை காலையில் ஓடும். "பாக்கலாமுங், எத்தன நாளைக்கின்னு," என்றார் பொன்னுரங்கம். வேலைநிறுத்தம் முடிந்தது. வெள்ளி மாலையும் சனி பகலும் தறி ஓடி, சனி மாலை கைப்பிடிகளை இழுத்து நிறுத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாவாயி பந்தலில், இன்னும் தூங்கிக்கொண்டிருந்த இசாமுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிப் பிரசுரம் எழுதப் பார்த்தாள். யாருடைய வெற்றி என்று எழுதுவது. எந்தப் பட்டறையிலும் வேலை பார்க்காதவர்கள் வந்து உட்கார்ந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒருவனால் ஜெயித்த போராட்டத்தை எந்தத் தலைப்பில் போடுவது. அவள் படித்த எதிலும் இதற்கு வழி இல்லை. வந்த சனத்தில் பாதிப் பேர் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார்கள், மீதிப் பேர் யார் யார் வீட்டிலோ சோறு தின்றுகொண்டிருந்தார்கள். எந்தத் தெரு என்று அவர்களிடம் கேட்டுப் பார்த்த ஒன்றிரண்டு பேர், பதில் வராததால் கேட்பதை விட்டிருந்தார்கள். ஊரில் சத்தமே இல்லை. நாய்கள்கூடப் பழகிவிட்டன.

இசாமு கண்ணைத் திறந்தான். பந்தலின் தென்னங்கீற்றைப் பார்த்தான், கீற்றின் இடுக்கில் தெரிந்த வானத்தைப் பார்த்தான், பாவாயியைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே இருந்த கோடுகளில் ஒன்று போயிருந்தது, ஒன்று இருந்தது.

"அம்மையே," என்றான். உதடு ஓய்ந்து, குரல் வந்து சேர்ந்தது. "இது எந்த உலகம்?"

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்த பாவாயி, ரோட்டைப் பார்த்தாள், தியேட்டரைப் பார்த்தாள், ஆற்றிலிருந்து ஈரத்தலையோடு வந்துகொண்டிருந்த இரண்டு பெண்களைப் பார்த்தாள். அவர்களில் யார் மேகலா, யார் தலையில் துணி போட்டவள் என்று அவளுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

"தெரியல கண்ணு," என்றாள். "ஞாயித்துக்கிழமை. தூங்கு."